வாத்துக்குக் கலந்த நொய்

எங்கள் வீட்டில் கோபக்காரி நான்தான். கணவர் இருந்தவரை அவரே ஒதுங்கிப் போய்விடுவார். அவர் காலமான பிறகு என்னைத் தட்டிக் கேட்க ஆளில்லை. துபாயில் வேலை பார்க்கும் மகன் கட்டிக்கொண்டு வந்த பெண்ணை நான் ஒரு பொருட்டாகவே எண்ணியதில்லை. ஒன்றுமில்லாத வீட்டுப் பெண். வயலில் இறங்கத் தெரியாது. பேசினாலும் அரை வார்த்தைதான்.

அந்தத் தை மாதம், அறுப்புக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்துவிட்டது. சேற்றில் அறுப்பு மெஷின் இறங்காது என்றார்கள். நாலு நாள் வெயில் அடித்தால் போதுமென்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரங்கம்பாடிப் பக்கம் அறுத்த வயல்களில் சிந்திய நெல்லை மேயவிட வெளியூர்க்காரர்கள் வாத்துக் கூட்டத்தை ஓட்டி வருவார்கள். அப்படி வந்த ஒருவன் பக்கத்து வயலில் மேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு மத்தியானம் நான் போனபோது அத்தனை வாத்தும் வரப்பைத் தாண்டி என் கதிர்மேல் கிடந்தன. தின்றது கொஞ்சம், மிதித்துச் சேற்றில் அமுக்கியதுதான் அதிகம். கேட்டதற்கு, விழுந்த நெல்லை நீங்கள் எங்கே அறுக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்தான். ஊரில் முறையிட்டேன். நாடோடிப் பயல், விட்டுத் தள்ளுங்கள் என்றார்கள். நான் விடுவதாயில்லை.

பூச்சிக்கு வாங்கிய குருணை மருந்து வீட்டில் மீதி இருந்தது. கொல்லையில் உட்கார்ந்து அதை நொய்யில் கலந்தேன். விடிந்ததும் வரப்போரம் தூவிவிட்டால் அவன் கூட்டம் மொத்தமும் தீர்ந்துவிடும். ஆண்டவரே, எனக்கு நியாயம் செய்யும் என்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கலந்தேன்.

மருமகள் வந்து நின்றாள். இது என்னவென்று கேட்டாள். வாத்துக்கு என்றேன்.

"செத்த வாத்தைத் தூக்கிப் போட்டுடுவாங்கன்னு நெனைக்கிறீங்களா அத்தை? ஆக்கித்தான் திம்பாங்க. எங்க வீட்டுல சீக்கு வந்து செத்த கோழியை அப்படித்தான் தின்னோம்."

நான் முறைத்தேன். அவள் நகரவில்லை.

"அந்தாளு மட்டுமா வந்திருக்கான்? பொண்டாட்டி புள்ளையோட வந்திருக்கான்."

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து குழி வெட்ட ஆரம்பித்தாள். பழக்கமில்லாத கை, மண் சரியாக வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்த நான் கடைசியில் பிடுங்கி நானே வெட்டினேன். நொய்யைக் கொட்டி மூடினோம். அப்போதும் அவள்மேல் ஆத்திரம்தான். அவள் போட்ட சோற்றைத் தொடாமல் படுத்தேன்.

மறுநாள் வயலுக்குப் போகும்போது வாய்க்கால் கரையில் வாத்துக்காரனின் தார்ப்பாய்க் கொட்டகையைக் கடக்க வேண்டியிருந்தது. நாய் கடித்துப் போட்ட வாத்து ஒன்றை அவன் மனைவி குழம்பு வைத்திருந்தாள். இடுப்புக் குழந்தைக்குக் கறியைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், நெல் போன விஷயம் தெரிந்தவளாய், தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொன்னாள். அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நெல் திரும்பி வரவில்லை. மிஞ்சியது முளைத்துப்போனது. அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் கதிரும் மூட்டையுமாகக் கோயிலுக்கு வந்தபோது நான் வெறுங்கையோடு போனேன். போதகர் சாட்சி சொல்ல விரும்புகிறவர்களை அழைத்ததும் எழுந்து நின்றேன். என் மருமகளைக் கொடுத்ததற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்றேன். அவ்வளவுதான் சொல்லி உட்கார்ந்தேன். கிறிஸ்துமஸுக்கு மகன் வந்துபோயிருந்ததால், மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தக் குழந்தை தின்றதை நான் பார்த்தேன் என்று அவளுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.