நாலடித் தொட்டிக்கு ஒரு படி

நீச்சல் தொட்டி விற்கிறவர்களுக்குத் தண்ணீரில் கண்டம் இல்லை, படியில்தான். தொட்டியை நிறுத்திவிடலாம், தண்ணீரை நிரப்பிவிடலாம். அதற்குள் ஓர் ஆளை இறக்குவதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடும். அடுத்தவர் வீட்டில் ஃபேனோ கீசரோ கதவோ மாட்டிக் கொடுத்துவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "எல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டு அவதிப்பட்டவர்கள் யாராவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

விருத்தாசலத்தில் எனக்கு பாத்ரூம் சாமான் கடை. பீங்கான் ஊரில் வாஷ் பேசின் விற்பதில் என்ன சாமர்த்தியம் என்று, தரைக்கு மேலே நிற்கும் நீச்சல் தொட்டியையும் சேர்த்துக்கொண்டேன். குழி தோண்ட வேண்டாம். சுற்றிலும் இரும்புக் கால், உள்ளே கனமான ஷீட், நாலடி உயரம். மாட்டுகிறவர் என் ஃபிட்டர் ரஃபீக் பாய். துபாயில் பல வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்.

முதல் தொட்டியை வேப்பூரில் ஒரு ஹோட்டல்காரர் வாங்கினார். அங்கே படியால் ஒரு தொல்லையும் வரவில்லை, ஏனென்றால் இன்றுவரை அதில் யாரும் இறங்கவில்லை. பஸ் நிற்கிற நேரத்தில் சுற்றி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டாவது தொட்டி செல்வி அக்கா வீட்டுக்கு. நான் சொல்லப்போவதெல்லாம் அந்த வீட்டுச் சமாச்சாரம்தான்.

நிபந்தனை

செல்வி அக்காவும் அவர் வீட்டுக்காரர் குமரேசன் அண்ணனும் பீங்கான் பொம்மை செய்கிற சின்ன யூனிட் நடத்துகிறார்கள். இருபது வருஷம் தரையில் உட்கார்ந்து பொம்மைக்குக் கண்ணும் மூக்கும் எழுதி, அக்காவின் இரண்டு முட்டியும் போய்விட்டன. தண்ணீருக்குள் தினமும் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். பின்கட்டில் மதில் சுவருக்குள் தொட்டி போடலாம் என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

முட்டி போனதிலிருந்து அக்காவை ஒருவரும் தனியாக விடுவதில்லை. எழுந்தால் ஒரு கை, உட்கார்ந்தால் ஒரு கை, பாத்ரூம் வாசல் வரைக்கும் ஒரு கை. எல்லாம் பிரியத்தால்தான். ஆனால் அது அக்காவுக்கு எவ்வளவு கசந்துபோயிருக்கிறது என்பது, அளவெடுக்கப் போன என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது. "இந்தா பாரு கலா, ஒருத்தரும் கையப் புடிக்காம நானா ஏறி நானா எறங்கணும். அதுக்கு வழி இல்லன்னா தொட்டியக் கழட்டி எடுத்துக்கினு போயிடு."

பெட்டியோடு வந்த ஏணி

தொட்டியோடு ஓர் ஏணி இலவசமாக வரும். இலவசம் என்றதும் நான் உஷாராகியிருக்க வேண்டும். விரல் கனக் குழாயில் நாலு கம்பி இந்தப் பக்கம், நாலு கம்பி அந்தப் பக்கம், நடுவில் தொட்டியின் விளிம்பு. மேலே போனதும் திரும்பி நின்று, முதுகு காட்டி இறங்க வேண்டும். ரஃபீக் பாய் ஏறி இறங்கிக் காட்டினார். அவர் முட்டிக்கு என்ன கேடு!

அக்கா நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு பல்லைக் கடித்து ஏறிவிட்டார். உச்சியில் திரும்புகிற இடத்தில் முட்டி மடங்க மாட்டேன் என்றது. ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் ஓடி வந்தார், நான் ஓடினேன், அடுத்த வீட்டு மொட்டை மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் கையை நீட்ட, அக்கா எங்களை மேலிருந்து ஒரு பார்வை பார்த்தார். "இதுக்கு மேல முடியாது. மத்தியானச் சோத்த இங்கியே அனுப்பிடுங்க."

நாலா, அஞ்சா

அன்றைக்கு மூன்று பேராகச் சேர்ந்து அக்காவைத் தூக்கித்தான் இறக்கினோம். நிபந்தனை போச்சு. ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கெஞ்சி, பாதம் முழுசாகப் பதிகிற அகலப் படி, இரண்டு பக்கமும் கைப்பிடி, உச்சியில் நிம்மதியாக நிற்க ஒரு மேடை, திரும்பாமல் முன்பக்கம் பார்த்தபடியே இறங்கும் வசதி எல்லாம் உள்ள பிளாஸ்டிக் படிக்கட்டாகத் தேடி வரவழைத்தேன். வெளியே நாலு படி, உள்ளே நாலு படி. வெளிப்படி ஆடாமல் நிற்கத் தரையில் கொஞ்சம் சிமெண்டுத் தளம் வேண்டும். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கோவிந்தன் மேஸ்திரி வந்தார்.

கரண்டியைக் கையில் எடுத்தவர் படியை எண்ணினார். "லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நஷ்டத்தில் முடிகிற படிக்கு அவர் கலவை போட்டதே இல்லையாம். குமரேசன் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. மேடையையும் ஒரு படியாக எண்ணுங்கள், அஞ்சாகும் என்றேன் நான். உள்ளே இறங்குகிற நாலுக்கு என்ன பதில் என்றார் மேஸ்திரி. தொட்டியின் தரையை அஞ்சாவதாக வைத்துக்கொள்ளலாம் என்றார் ரஃபீக் பாய். தரை எப்படிங்க படியாகும் என்று மேஸ்திரி எகிற, பஞ்சாயத்து அரைமணி நேரம் ஓடியது. ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "நான் எறங்குனா லாபம், வுழுந்தா நஷ்டம். கலவையப் போடுங்க மேஸ்திரி!"

பொம்மைப் படி

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உள்படி வெறும் கூடு. அதற்குள் கனத்துக்கு மணல் மூட்டை வைக்க வேண்டும் என்று கூடவே வந்த காகிதத்தில் போட்டிருந்ததாம். அந்தக் காகிதத்தில்தான் நான் மேஸ்திரிக்கு வடை மடித்துக் கொடுத்தேன். தண்ணீர் ஏற ஏற, படி மெல்ல எழுந்து, தொட்டியை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ரஃபீக் பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மணல் போட்டால் தண்ணீர் கலங்கும், என்னிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது என்று யூனிட்டுக்கு ஓடினார் அண்ணன். சூளையில் கோணிப்போய், விரிசல் விட்டுக் கழித்துக்கட்டிய பொம்மைகள் மூன்று கூடை வந்தன. கூட்டுக்குள் கொட்டி மூடினோம். படி அசையாமல் உட்கார்ந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது.

அக்கா வந்தார். உள்ளே என்ன என்று கேட்டார். பொம்மை என்றோம். என்ன பொம்மை என்றார். அண்ணன் காலிக் கூடைகளை அடுக்க ஆரம்பித்தார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அந்த யூனிட்டில் பாதிக்குப் பாதி பிள்ளையார்தான்! "என் கையால கண்ணு தொறந்த புள்ளையாரு, அது மேல காலை வெச்சா நான் எறங்குவேன்?" என்று அவர் போட்ட சத்தத்தில் மொட்டை மாடியில் மறுபடி ஆள் கூடிவிட்டது.

படியைத் தூக்கி எல்லாவற்றையும் வெளியே கொட்டினோம். ரஃபீக் பாய் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாரையும் துண்டால் துடைத்து வரிசையாக வெயிலில் வைத்தார். தும்பிக்கை உடைந்ததைக்கூட விடவில்லை. முயல், தவளை, வாத்து எல்லாம் மறுபக்கம். முயல் பாவம் என்றார் அக்கா. தவளையைப் பார்த்தால் அருவருப்பு என்றார். மிச்சம் இருந்ததைப் பார்த்து அண்ணன் பெருமூச்சு விட்டார். "வாத்த மட்டும் போடுங்க பாய். அது எப்படியும் தண்ணியில கெடக்க வேண்டியதுதான்."

முதலில் நீ

எல்லாம் தயார். அக்கா முதல் படியில் காலை வைக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நீ ஏறி இறங்கிக் காட்டு என்றார். நான் ஜென்மத்தில் குளத்தில்கூட இறங்கியதில்லை. தொட்டி விற்கிறவளுக்கு நீச்சல் எதற்கு? சேலை கட்டியிருக்கிறேன், இன்றைக்குச் சளி, கடையில் ஆள் இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். ஒன்றும் எடுபடவில்லை.

செருப்பை விட்டு ஏறினேன். மேடையில் நின்று குனிந்து பார்த்தால் நாலடித் தண்ணீர் கிணறு மாதிரி தெரிகிறது. இரண்டு கைப்பிடியையும் பிடித்த பிடியில் என் விரல் வெளுத்துவிட்டது. கீழே அக்கா காத்துக்கொண்டிருந்தார். "விக்கும்போது அவ்ளோ வாய் இருந்துச்சே, இப்ப காலு எங்க போச்சு?"

கழற்றும் படி

நான் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுவிட்டு, சொட்டச் சொட்ட வெளியே வந்த பிறகு அக்கா ஏறினார். நாங்கள் மூன்று பேரும் பழக்கதோஷத்தில் கையை நீட்டினோம். கையை இறக்குங்க என்று ஓர் அதட்டல். இறக்கிவிட்டோம். ஒரு படி. நின்றார். இரண்டாவது. மேடையில் மூச்சு வாங்கினார். உள்ளே முதல் படியில் கால் வைத்தபோது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் கணுக்கால், முட்டி, இடுப்பு என்று ஏறியது. அக்கா தரையில் நின்றுவிட்டார். பிறகு நடந்தார். யாரையும் பிடிக்காமல், கையை வீசிக்கொண்டு, ஒரு முழுச் சுற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏற்கனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நானும் வரவா செல்வி என்று வெளிப்படியில் ஒரு காலை வைத்தார். குழந்தைகள் தெரியாமல் ஏறிவிடாமல் இருக்க, வெளிப்படியை மட்டும் ஒரு கொக்கியைத் தட்டிக் கழற்றி வைத்துவிடலாம். அந்தக் கொக்கியை அக்கா மேடையில் நின்றபோதே பார்த்து வைத்திருக்கிறார். "கலா, அந்த வெளிப்படியக் கழட்டி ஓரமா வெய்யி. வேணும்னா நானே கூப்புடுறேன். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு நான் வூட்டுல இல்ல."

உள்ளே இறங்கத்தான் வழி கேட்கிறார்கள் என்று நம்பி ஒரு மாதம் நாயாய் அலைந்தவள் நான். மற்றவர்கள் ஏறி வராமலிருக்க வழி வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் வெறும் கொக்கியோடு வேலையை முடித்திருப்பேன்.