பழுக்கட்டும் என்றேன்

மணத்தக்காளி என்று நாம் பொதுவாகச் சொல்வதில், ஒன்றையொன்று ஒத்த இரண்டு செடிகள் அடங்கும். இலையைக் கொண்டு பிரிக்க இயலாது. பூவும் அப்படியே, வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும். பழுத்த பின்னரே வேறுபாடு தெரியும்: ஒன்றின் பழம் பளபளக்கும் கறுப்பு, மற்றதன் பழம் செம்மஞ்சள். பழத்தைப் பாராமல் பெயர் சொல்லக்கூடாது என்று, தாவரவியல் கற்பித்த காலம் முழுவதும் மாணவரிடம் கண்டிப்பாக இருந்தேன்.

சென்ற ஆண்டு, வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் பின்மதிலுக்கும் கால்வாய்க்கும் இடையே அவற்றில் ஒன்று முளைத்திருந்தது. மனைவிக்கு அப்போது புற்றுநோய்க்கான மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாயெல்லாம் புண். மாடிப்படி கூட்டவரும் மலையகப் பெண், காயோடு ஒரு பிடி கொழுந்தைப் பறித்து வந்து சமையலறை மேசையில் வைத்தார்.

“மணத்தக்காளிங்க ஐயா. தேங்காப்பாலுல போட்டு அம்மாவுக்குக் குடுங்க. வாய்ப்புண்ணு ஆறிடும்.”

“எந்த மணத்தக்காளி?” என்று கேட்டேன்.

“கீரைங்க,” என்றார்.

காய் இன்னும் பச்சை, பழுக்கட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்று அதை ஒதுக்கிவைத்தேன். உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“இஞ்சருங்கோ, அது உங்கட சோதினை பாஸ் பண்ணுமட்டும் நான் பட்டினி கிடக்கிறதோ?”

மறுநாளும் கேட்டாள். “ரெண்டு இலை சொதியில போடச் சொல்லித்தானே கேட்டனான்.” பிறகு கேட்கவில்லை. அடுத்த கிழமை காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபின் மதிலோரம் போய்ப் பார்த்தேன். பழங்கள் கறுத்திருந்தன. செம்மஞ்சளாகப் பழுத்திருந்தாலும் ஒன்றுமில்லை. இரண்டின் இலையையும் நம்மவர் சமைத்து உண்பார்கள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். அவளுக்குத் தீங்கு நேரும் என்று நான் அஞ்சவில்லை. படி கூட்ட வந்தவர் ஒரு பார்வையில் சொன்ன பெயரை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை; அவ்வளவுதான்.

மெல்பேர்னிலிருந்து மகள் தொலைபேசியில் கேட்டாள். “அம்மா கடைசியா ஏதும் ஆசைப்பட்டுக் கேட்டவவோ, அப்பா?”

“ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை,” என்றேன்.