உம்மே ஹானி மேப் மாற்றப் போனது

உம்மே ஹானி கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. கண்ணில் அழுத்தம் ஏறிக் கணவர் அக்பர் பாஷாவுக்குப் பார்வை போய்விட்டது. மயிலாப்பூர் கச்சேரி சாலைப் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில், வீட்டு வாசலில் கார் தூசி படிந்து நின்றது. கொட்டிவாக்கத்தில் இருக்கும் மகள் ரூபீனா, விற்றுவிடலாம் என்றாள். ஹானி ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜவஹரிடம் பாஷா நெடுங்காலம் டிரைவராக இருந்தவர். முதலாளி புது வண்டி எடுத்தபோது பழையதை இவருக்கே கொடுத்துவிட்டார். ஸ்டீயரிங் பக்கத்தில் வழி சொல்லும் சின்னத் திரை ஒன்று உண்டு. ஓட்டிய காலத்தில் அதை அவர் சட்டை செய்ததில்லை. இப்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதன் குரலைத்தான் கூர்ந்து கேட்டார். எந்தத் தெரு, எந்தத் திருப்பம் என்று அது சொல்லச் சொல்ல, கார் எங்கே போகிறது என்பது அவருக்கு விளங்கியது. இடையிடையே ஹானிக்குத் தைரியமும் சொல்வார். "பஸ்காரன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும். நீ உன் லைன்ல போய்க்கினே இரு."

கண் ஆஸ்பத்திரிக்குத் தி.நகர் போய்த் திரும்பிய ஒரு மத்தியானம் தவறு நடந்தது. லஸ் பக்கம் நேராகப் போகச் சொன்னது திரை. பாஷாவும் நேராகவே போகச் சொன்னார். ஆனால் அங்கே மெட்ரோ வேலைக்காக சாலையையே மறித்துத் தகரம் அடித்திருந்தார்கள். முன்னால் போக வழியில்லை, பின்னால் ஆட்டோக்கள். யாரோ ஒருவன் ஜன்னலருகே வந்து வாய்க்கு வந்தபடி பேசினான். ஹானி வியர்த்துப்போய், எப்படியோ வண்டியைத் திருப்பி வெளியே கொண்டுவந்தாள். வீடு வரும்வரை பாஷா பேசவில்லை.

அதன் பிறகு ரூபீனா அம்மாவின் போனில் மேப் போட்டுக் கொடுத்தாள். அது தடுப்புகளையெல்லாம் தெரிந்துவைத்திருந்தது. சந்து பொந்தெல்லாம் நுழைந்து வீடு சேர்த்தது. ஆனால் இடது, வலது என்று மட்டுமே அது சொன்னதில் பாஷாவுக்குத்தான் பிடி கிடைக்கவில்லை. ஆழ்வார்பேட்டை என்று நினைத்துக்கொண்டிருப்பார், வண்டி வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும். "எங்க கீறோம்?" என்று இரண்டொரு தடவை கேட்டார். ஹானி ரோட்டைப் பார்க்கும் மும்முரத்தில் சரியாகச் சொல்லவில்லை. பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார். மடியில் கை வைத்துக்கொண்டு, யாரோ வாடகை வண்டியில் ஏற்றிவிட்ட ஆள்போல வந்தார்.

அந்த மௌனம் ஹானிக்குப் பொறுக்கவில்லை. பழைய திரைக்கே புது மேப் போட்டுவிட்டால் அவருடைய பேச்சு திரும்பிவிடும் என்று தோன்றியது. அவரையும் ஏற்றிக்கொண்டு அடையாறில் உள்ள சர்வீஸ் சென்டருக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்த ஷண்முகப்ரியா கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, வரியோடு பதினெட்டாயிரம் ஆகும் என்றாள். ஹானி கொடுக்கத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த மாடலுக்குக் கடைசியா வந்த மேப்பே பழசு. புதுசு விடுறத நிறுத்திட்டாங்க. மயிலாப்பூர்ல இப்ப மூடியிருக்கிற ரோடு எதுவும் இதுல வராது." போனே போதுமே, அது இலவசம்தானே என்றும் சொன்னாள். ஹானி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

காரில் ஏறி விஷயத்தைச் சொன்னாள்.

"அதுக்கு எதுக்கு அவ்ளோ செலவு பண்ணப் போன?" என்றார் பாஷா. "நான் சொன்ன வழியில வந்துதான் அன்னைக்கு நடுரோட்ல மாட்டிக்கின. எனக்குத் தெரிஞ்ச ஊரு இப்ப இல்ல, ஹானி."

"வழி கேக்குறதுக்கா உங்கள பக்கத்துல உக்கார வெச்சிருக்கேன்?" என்றாள் ஹானி. "நீங்க பேசாம வந்தா எனக்கு வண்டியே ஓட்ட வரலைங்க."

சொல்லிவிட்டுப் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

பாஷா தொண்டையைச் செருமிக்கொண்டு, மந்தைவெளி வழியாகப் போகச் சொன்னார். அங்கேயும் மெட்ரோவுக்காகப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், போனால் சிக்கிக்கொள்வோம் என்றாள் ஹானி. எவ்வளவு தூரத்துக்கு அடைத்திருக்கிறார்கள், பஸ்ஸெல்லாம் எப்படித் திரும்புகிறது என்று அவர் துருவித் துருவிக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னாள். அப்படியானால் அடையாறு பாலம் தாண்டி வலது பக்கம் திரும்பு, பட்டினப்பாக்கம் பிடித்து சாந்தோம் வழியாகப் போய்விடலாம் என்றார். கடற்கரைக் காற்று அடித்ததும் ஜன்னலை இறக்கினார். மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஒரு கிழவர் நடுரோட்டில் நின்று வலையை உதறுகிறார் என்று ஹானி சொல்லிக்கொண்டே ஓட்டினாள். வீடு வந்து சேர வழக்கத்தைவிட நேரமானது.

இப்போதும் அப்படித்தான் போகிறார்கள். அவசரத்துக்கு மட்டும் போன். மற்ற நாளெல்லாம் இருவரும் பேசிப் பேசியே வழி பிடிக்கிறார்கள். சில நாள் தவறிப்போய் ஊரைச் சுற்றிக்கொண்டு வருவதும் உண்டு.

போன வெள்ளிக்கிழமை கொட்டிவாக்கத்தில் மகள் வீட்டில், மயிலாப்பூரில் மெட்ரோ வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பாஷா மருமகனுக்கு விவரித்துக்கொண்டிருந்தார். கிரேன் எத்தனை உயரம், தகரத்துக்கு என்ன நிறம், நடப்பவர்களுக்கு எந்தப் பக்கம் வழி விட்டிருக்கிறார்கள், எல்லாம் நேரில் பார்த்தவர் மாதிரியே சொன்னார். ரூபீனா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஹானி எழுந்து, டீ போடச் சமையலறைக்குள் போய்விட்டாள்.