வேலாயியின் எட்டடிக்குப் பத்தடி

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே கல்லுமலைத் தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், பத்தாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பராவில் வேலாயி என்று ஒருத்தி இருந்தாள். கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி. வாயில் அதைவிடக் கெட்டிக்காரி. கங்காணி ஒரு சொல் சொன்னால் இவள் ஒன்பது சொல்லுவாள். புருஷன் பொன்னையாவோ தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். வெட்டுகிற கத்தியைத் தவிர அவனிடம் கூர்மையானது எதுவும் கிடையாது. தோட்டத்துச் சனங்கள் அவனை "வேலாயி புருசன்" என்றுதான் சொல்வார்கள், அவனும் அதற்குச் சிரித்துக்கொள்வான்.

இந்த வேலாயி தன் ஆயுசில் ஒன்றே ஒன்றுக்குத்தான் உண்மையாக ஆசைப்பட்டாள். காசுமாலைக்கா? இல்லை. இந்தியாவில் காணி வாங்கவா? அவள் இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை. லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடுகிற கானுக்கும் காம்பராச் சுவருக்கும் நடுவே சும்மா கிடந்த இடத்தில் ஓர் அறை. எட்டடி அகலம், பத்தடி நீளம்.

இதற்கா ஆசை என்று கேட்கிறவர்கள் லயத்தில் குடியிருந்தவர்களாக இருக்க முடியாது. ஐம்பத்தொன்றாம் வருஷம் தை மாதம் மகன் அழகுமுத்துவுக்குக் கல்யாணம் முடிந்தது. இருப்பதோ ஒரே காம்பரா. அதற்குள் அடுப்பு, விறகு, சாமிபடம், வயசுக்கு வந்து நிற்கிற மகள் தனலெட்சுமி. புதுசாக வந்த மருமகள் லெட்சுமியை எங்கே படுக்க வைப்பது? குறுக்கே ஒரு சேலையைக் கட்டினார்கள். வேலாயியும் பொன்னையாவும் சாக்கைப் போர்த்திக்கொண்டு வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுத்தார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பொம்பளைகள் லெட்சுமியைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரித்தார்கள். அந்தப் பெண் குடத்தை அப்படியே போட்டுவிட்டு அழுதுகொண்டு ஓடி வந்தது. வேலாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பீலிக்குப் போய் நாலு பேரையும் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, அந்தக் கையோடு கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அறை ஒண்ணு கட்டிக்கணுங்க."

கங்காணி கணக்கப்பிள்ளையைக் கேட்கச் சொன்னார். கணக்கப்பிள்ளை ஆபீசைக் கேட்கச் சொன்னார். ஆபீசில் பெரிய கிளாக்கர் பெரியதம்பி, யாழ்ப்பாணத்து மனுஷன், மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "வாயாலை கேட்டால் ஒண்டும் நடவாது. எழுத்திலை கேள்" என்றார். தோட்டத்தில் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் துரையின் உத்தரவு வேண்டும். வேலாயி பிறந்தது அந்த லயத்தில். அவளுடைய அம்மா செத்ததும் அந்த லயத்தில். என்ன இருந்து என்ன? சுவர் தோட்டத்துச் சுவர், கூரை தோட்டத்துக் கூரை.

ஹட்டன் கடைவீதியில் பெட்டிஷன் எழுதுகிறவரைப் பிடித்து, இங்கிலீஷில் ஒரு பெட்டிஷன் எழுதி வாங்கி வந்தாள். வெள்ளைக்காரத் துரை அதைப் படித்துவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "ஒரு ஆள் கேக்கும், நாளைக்கு நூறு ஆள் கேக்கும். போ."

போனாள். அடுத்த மாதம் திரும்பி வந்தாள். தொழிலாளிகள் குறை சொல்ல அனுமதிக்கிற ஆபீஸ் நாள் ஒன்றைக்கூட அவள் விடவில்லை. "வந்திட்டாளடா" என்று கிளாக்கர் தலையில் அடித்துக்கொள்வார். இரண்டு வருஷம் இப்படியே நடந்தது. அந்தத் துரை சீமைக்குப் போய் வேறொரு துரை வந்தார். இவள் மட்டும் மாறாமல் ஆபீஸ் வாசலில் நின்றாள்.

கடைசியில் பெரியதம்பிக்கே மனசு இளகிவிட்டது. அல்லது அலுத்துவிட்டது, எதுவென்று அவருக்குத்தான் தெரியும். அவளைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னார்:

"நிரந்தரக் கட்டிடம் எண்டு கேட்டால் எந்தத் துரையும் விடமாட்டான். தற்காலிகம் எண்டு போடுவம். எப்ப சொன்னாலும் பிரிச்சுக்கொண்டு போவம் எண்டும் போடுவம். பிறகு ஆர் வந்து பிரிக்கச் சொல்லப்போறான்?"

"என்னத்தையாவது போடுங்க சாமி. எனக்கு அறை வேணும்."

புதுத் துரை ஒரு நாள் குதிரையில் வந்து இறங்கினார். கைப்பிரம்பால் இடத்தை அளந்தார். கானைப் பார்த்தார், லயத்தைப் பார்த்தார், வேலாயியைப் பார்த்துச் சிரித்தார். ஒரு வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது! தட்டச்சில் அடித்து, தோட்டத்து முத்திரை குத்திய ஒரு தாள். கிளாக்கர் அதைத் தமிழில் படித்துச் சொன்னார். எட்டடிக்குப் பத்தடிக்கு மேல் போகக் கூடாது. தோட்டத்து மரத்தில் கை வைக்கக் கூடாது. கட்டிடம் தற்காலிகமானது. நிர்வாகம் கேட்டால் சொந்தச் செலவில் பிரித்துக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வேலாயி "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்று தலையாட்டினாள். பொன்னையா கைநாட்டு வைத்தான்.

"எனக்கும் அந்த மையக் குடுங்க. ரெண்டு வருசம் நாயா அலைஞ்சவ நானு. என் ரேகையும் அதுல இருக்கணும்" என்றாள் வேலாயி. வாங்கிப் பெருவிரலை அழுத்தினாள். ஐயோ, என்ன பெருமை அவளுக்கு!

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றிலிருந்து கல் சுமந்தார்கள். கம்பும் களிமண்ணும் போதும் என்றான் பொன்னையா. கடுதாசியில் தற்காலிகம் என்றுதானே போட்டிருக்கிறது? வேலாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "தற்காலிகம்னு எழுதிட்டா மழை கொஞ்சமாப் பேயுமா?" ஒன்றரை அடிக் கனத்தில் கல்சுவர் எழும்பியது. ஹட்டனிலிருந்து தகரம் வந்தது. கதவை அழகுமுத்துவே செய்தான். ஐம்பத்து நாலாம் வருஷம் தீபாவளிக்கு முன் அவனும் லெட்சுமியும் அந்த அறைக்குக் குடிபோனார்கள். அன்றைக்குப் பீலியடியில் வேலாயி பேசிய பேச்சை எழுத முடியாது. உத்தரவுத் தாளை நாலாக மடித்து, சாமிபடத்துக்குப் பின்னால் வைத்தாள். தன் பெயரும் புருஷன் பெயரும் சேர்ந்து அச்சில் ஏறிய கடுதாசி அவள் வீட்டில் அது ஒன்றுதான்.

இப்போது பிரஜாவுரிமைக் கதைக்கு வர வேண்டும். தோட்டத்துச் சனங்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று சட்டம் வந்து, வேண்டுமென்றால் எழுதிக் கேளுங்கள் என்று இன்னொரு சட்டமும் வந்திருந்தது. தொழிற்சங்கத்துக்காரர்கள் லயம் லயமாகப் போய் எழுதினார்கள். பொன்னையாவும் குடும்பத்துக்கெல்லாம் சேர்த்து ஐம்பத்தொன்றிலேயே எழுதிப் போட்டிருந்தான். போட்டது போட்டபடி கிடந்து, ஐம்பத்தேழில்தான் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

ஹட்டனில் ஒரு மண்டபம். மேசைக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஓர் அதிகாரி, பக்கத்தில் தமிழாக்கிச் சொல்ல ஓர் ஆள். பொன்னையா கைகட்டி நின்றான். பிறந்தது எங்கே? இந்தியாவுக்குப் போனதுண்டா? அங்கே பணம் அனுப்புகிறாயா? ஒன்றுக்கும் அவன் தடுமாறவில்லை. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டினான். தோட்டத்தில் இத்தனை வருஷம் வேலை செய்ததற்கு ஆபீசில் கொடுத்த கடிதத்தையும் காட்டினான். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"இந்த நாட்டிலேயே நிரந்தரமாகக் குடியிருக்க எண்ணம் உண்டா? அதற்கு வேறு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா?"

பொன்னையா யோசித்தான். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேலாயிக்குப் பொறுக்கவில்லை. இந்த மனுஷனுக்கு வாயே இல்லையே! விறுவிறுவென்று முன்னால் வந்து, இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"வீடே கட்டியிருக்கோங்க! கல்லுச் சுவரு. தொரை குடுத்த உத்தரவு இந்தா இருக்கு. போற ஆளு வீடு கட்டுவானுங்களா?"

அதிகாரி தாளைப் பிரித்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு இரண்டு ரேகைகளையும் காட்டி ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "இது உங்க ரெண்டு பேரோட கைநாட்டுதானே?" என்றார்.

"எங்களோடதுதாங்க. இது அவருது, இது என்னுது."

"இதுல இருக்கிறத ஒத்துக்கிட்டுத்தானே வச்சீங்க?"

"ஆமாங்க. ஒண்ணு விடாமப் படிச்சுக் காட்டித்தான் வச்சோம்."

அதிகாரி எழுதினார். எழுதி முடித்துவிட்டு இங்கிலீஷில் சொன்னதை மற்றவர் தமிழில் சொன்னார். இருக்கிற வீடு தற்காலிகம், சொன்னவுடன் பிரித்துக்கொண்டு போய்விடுவோம் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்; அப்படியானால் நிரந்தரமாக இருக்கும் எண்ணம் எங்கே இருக்கிறது?

வேலாயிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மேசைமேல் கிடந்த தாளைத் தட்டிக் காட்டினாள். "அது அறைக்குச் சொன்னதுங்க. எங்களச் சொல்லலீங்க. அப்புடிப் போட்டாத்தான் தொரை விடுவாருன்னு கிளாக்கரய்யா போட்டாருங்க" என்று கத்தினாள். கத்தி என்ன செய்ய? அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நாலு மாதம் கழித்து மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. சங்கத்துத் தலைவர் படித்துப் பார்த்துவிட்டு, அப்பீல் போடலாம் என்றார். போட்டார்கள். அதுவும் தள்ளுபடி. பத்தாம் நம்பர் லயத்தில் தள்ளுபடியானவர்கள் வேறு எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒருவனுக்கு இந்தியாவுக்கு ஒரு தடவை போய் வந்தது குற்றம், இன்னொருவனுக்கு ஒரு பத்திரம் குறைவு. ஆனால் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துத் தள்ளுபடி வாங்கி வந்தவள் வேலாயி ஒருத்திதான்.

அன்றைக்குச் சாயந்தரம் பொன்னையா அடுப்படியில் உட்கார்ந்து, "நீ கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம் புள்ள" என்றான். அவ்வளவுதான். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவன் அவளைக் குறை சொன்னது அந்த ஒரு தடவைதான். அடித்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் நாற்பது வார்த்தை ஏசியிருப்பாள். இதற்கு என்ன சொல்ல? அறுபத்தொன்றில் நெஞ்சுச் சளி முற்றி டிக்கோயா ஆஸ்பத்திரியில் அவன் செத்துப்போனான். அதுவரைக்கும் அவன் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. பேசியிருக்கக் கூடாதா என்று இவள் ஏங்கினாள். வாய்க்காரி என்று பேரெடுத்தவள், அதற்குப் பிறகு மலையில் கங்காணி ஏசினாலும் தலையைக் குனிந்துகொண்டு கொழுந்து பறித்தாள்.

அறை மட்டும் அப்படியே நின்றது. பதினோரு மழைக்காலம் பார்த்தும் ஒரு கல் அசையவில்லை. அழகுமுத்துவுக்கும் லெட்சுமிக்கும் மூன்று பிள்ளைகள் அதில்தான் பிறந்தன.

அறுபத்தைந்தில், அறுபது வயசாகிவிட்டது என்று வேலாயியின் பெயரை வேலையாள் பட்டியலிலிருந்து வெட்டினார்கள். அதே மாதம் ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. வெள்ளைக்காரர்கள் போய், கொழும்பிலிருந்து ஓர் இளம் சிங்களத் துரை வந்திருந்தார். தமிழ் தெரியாது. பெரியதம்பி, தலை முழுக்க நரைத்து, இன்னும் அதே மேசையில் இருந்தார். விஷயம் இதுதான்: வேலையாள் குறைந்துவிட்ட குடும்பத்துக்கு இரண்டு அறை கிடையாது. பின்னால் இருக்கும் அறையை இந்த மாதக் கடைசிக்குள் புதுசாக வரும் காவல்காரனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

"அது நாங்க கட்டுனதுங்கய்யா. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

வேலாயி தாளை நீட்டினாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. கிளாக்கர் துரையிடம் கொடுத்தார். துரை அதைப் பார்த்துவிட்டு, தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார்.

"உது கல்லுக் கட்டிடம். தோட்டத்து நிரந்தரக் கட்டிடங்களோடை சேர்த்துப் பதிஞ்சாச்சு" என்றார் பெரியதம்பி. "இனி அது தோட்டத்தின்ரை சொத்து."

வெகு காலத்துக்குப் பின் வேலாயியின் குரல் உயர்ந்தது. "கேட்டாப் பிரிச்சுக்கிட்டுப் போகணும்னுதானே இதுல போட்டிருக்கு? இப்பக் கேக்குறீங்கல்ல, பிரிச்சுக்கிறேன். ஒவ்வொரு கல்லா நானே பேத்து ஆத்துல போட்டுர்றேன்."

கிளாக்கர் துரையிடம் கேட்டுவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினார். "நிரந்தரக் கட்டிடத்திலை நீ கை வைக்கேலாது. வைச்சால் பொலிசுக்குச் சொல்லுவினம்."

வேலாயி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப என் கையால வச்ச கல்லுக்கு இந்த நாட்டுல நிரந்தரமா இருக்க உரிமை குடுத்துட்டீங்க. அந்தக் கல்லச் சொமந்த எம்புருசனுக்குக் குடுக்கல. எனக்கும் எம்புள்ளைகளுக்கும் குடுக்கல. அவரு இதே கடுதாசியாலதான் மனசு விட்டுச் செத்தாருன்னு சொல்லுங்க தொரைகிட்ட. சொல்லுங்கய்யா!"

துரை பேனாவை வைத்துவிட்டு, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். பெரியதம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இங்கிலீஷில் இரண்டே வார்த்தை சொன்னார். துரை திருப்தியாகத் தலையசைத்துவிட்டு, அறையைக் காவல்காரனுக்குக் கொடுக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

"என்னங்கய்யா சொன்னீங்க?" என்றாள் வேலாயி.

கிளாக்கர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ சம்மதிச்சிட்டாய் எண்டு சொன்னன். இனிப் போ, வெளியிலை ஆக்கள் நிக்கினம்."