நாத்தனார் முகம்

முகங்களைச் சரிசெய்வதுதான் அந்த போட்டோ கடையில் அவளுக்கு வேலை. கேமராவைப் பிடிப்பவர் முதலாளி. அவர் படம் எடுத்து அனுப்பியதும் இவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பின்னணியை வெள்ளையாக்குவாள், சாய்ந்த தலையை நிமிர்த்துவாள், பருவைத் துடைப்பாள், கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பை எடுப்பாள். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் நாற்பது ஐம்பது முகம் ஆகிவிடும். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. வேலை முடிந்து பஸ் ஏறினால் மனித முகம் எதையும் பார்க்கப் பிடிக்காது. உட்கார இடம் கிடைத்ததும் கண்ணை மூடிக்கொள்வாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பென்சிலால் முகம் வரைகிறவள். தெருவில் அவளுக்குப் படக்காரி என்றே பெயர். கணக்கு டீச்சர், பால்காரர், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை என்று எதிரே கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தவர்களை எல்லாம் வரைந்து தள்ளினாள். பிறகு குடித்தனம், பிரசவம், மாமியார் படுக்கையில் விழுந்தது, அப்புறம் இந்த வேலை. இருபத்திரண்டு வருஷம் எப்படிப் போனதென்று அவளுக்கே பிடிபடவில்லை.

கடையில் புதிதாக ஒன்று ஓட ஆரம்பித்திருந்தது. போட்டோவை கம்ப்யூட்டரில் போட்டு ஒரு பட்டனைத் தட்டினால் பென்சிலால் வரைந்த மாதிரி மாறிவிடும். கெட்டித் தாளில் பிரிண்ட் எடுத்து ஃபிரேம் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு நாள் ஒரு பெரியவர் செத்துப்போன தம்பியின் படத்தை அப்படி வாங்க வந்தார். ஃபிரேமைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"கையால வரைஞ்சதா?"

முதலாளி கொஞ்சமும் கூசவில்லை. "பின்ன? இதோ, இந்த அக்காதான் வரைஞ்சாங்க."

பெரியவர் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். "அவன் மூக்கு அப்படியே வந்திருக்கும்மா. ரொம்ப நேரம் ஆகியிருக்குமே?"

அவள் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்டேஷனரி கடையில் இரண்டு பென்சிலும் படம் வரையும் தாள் ஒரு கட்டும் வாங்கினாள். ஏன் வாங்கினாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புருஷனை வரைந்தாள். அவர் வேன் ஓட்டுகிறவர். லீவு நாளில் நாற்காலியில் சாய்ந்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். ஒரு மணி நேரம் வரைந்தும் படம் செத்துக் கிடந்தது. இரண்டு கண்ணும் ஒரே மட்டம், தோல் பளிங்கு, கழுத்து நேர்க்கோடு. கல்லூரிக்குப் போகும் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பாவா இது? விசாவுக்கு அப்ளை பண்றாரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். கை தானாகவே சுருக்கத்தைத் தாண்டிப் போயிருந்தது. பதினோரு வருஷம் அழித்து அழித்துப் பழகிய கை. அடுத்த ஞாயிறும் அதே கதைதான். தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனாள். மவுஸ் பிடிக்கிற மணிக்கட்டு வேறு விண் விண் என்று தெறித்தது.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவள் வீட்டில் மாடிப்படி ஏற வேண்டும் என்பதால் தம்பி வீட்டில் ஒரு மாசம். முன்னறையில் ஸ்டூலின்மேல் காலை நீட்டியபடி உட்கார்ந்துகொண்டு காபியில் சூடு போதவில்லை, ஃபேன் சத்தம் போடுகிறது என்று ஓயாமல் குறை சொல்வாள். இவளுக்குக் கடையிலும் நிற்க நேரமில்லை, வீட்டிலும் உட்கார நேரமில்லை என்றாகிவிட்டது.

ஒரு ஞாயிறு மத்தியானம் நாத்தனாரே கேட்டாள். "என்னம்மா அது, வாராவாரம் கிறுக்கிக் கிறுக்கிக் கசக்கிப் போடற?"

"வரைஞ்சு பாக்கறேன் அண்ணி. வர மாட்டேங்குது."

"என்னை வரை. சும்மாதானே கிடக்கேன்."

இவள் எதிரே இன்னொரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"பேசாம இருங்க அண்ணி, வாய் அசையுது."

"வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னா என்னை எதுக்கு வரையற? அந்த பீரோவை வரை."

சரி, பேசட்டும் என்று விட்டுவிட்டாள். நாத்தனார் டாக்டரைத் திட்டினாள், மருமகனைத் திட்டினாள். திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோனதும் குரல் தணிந்தது.

"நீ கல்யாணமாகி வந்தப்ப ஒரு கட்டுப் படம் கொண்டுவந்தியே, ஞாபகம் இருக்கா? அதை எடுத்து சமையல்கட்டு அலமாரியில விரிச்சது நான்தான்."

"தெரியும் அண்ணி."

"தெரியுமா?"

"பருப்பு டப்பாவை எடுத்தா கீழே பால்காரர் மூக்கு தெரிஞ்சுது."

"அடிப்பாவி. அப்பவே கேக்கறதுக்கென்ன?"

"புதுசா வந்தவ. கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"நல்ல தடிச்ச பேப்பரா இருக்கு, எண்ணெய் ஊறாதுன்னு விரிச்சேன். வேற ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேன்."

இவளுக்குக் கோபப்பட வேண்டிய வயதெல்லாம் தாண்டிவிட்டிருந்தது. நாத்தனாரின் வாய் ஒரு பக்கம் தொங்கியது. கன்னத்துச் சதை தளர்ந்தது. எப்போதும் வெட்டுகிற கண் தரையைப் பார்த்தது. இவள் பென்சிலை நிறுத்தவில்லை. கண் பார்த்ததைக் கை போட்டது. அழிக்கத் தோன்றவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மணிக்கட்டை உதறிக்கொண்டே தாளைத் திருப்பிக் காட்டினாள்.

நாத்தனார் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "நான் இவ்வளவு சிடுமூஞ்சியா?"

"அவ்வளவுதான் அண்ணி."

"கண்ணுக்குக் கீழ இந்தக் கறுப்பையாவது கொஞ்சம் எடேன். ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் எடுக்கற."

"அது கடையில. இங்க எடுக்கறதில்ல."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் முழங்கால் சுண்டி இழுக்க, அதற்கும் இவளையே திட்டினாள்.

மாசம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். சுவரில் மாட்டவில்லை. பீரோவுக்குள் வைத்திருக்கிறாள். யாராவது வந்தால் எடுத்துக் காட்டி, "என் தம்பி பொண்டாட்டி பண்ண அநியாயத்தைப் பாருங்க" என்கிறாளாம்.

கடையில் பட்டன் தட்டும் வேலை இன்னும் நடக்கிறது. முதலாளியிடம் இவள் ஒன்று மட்டும் சொல்லிவிட்டாள். "கையால வரைஞ்சதுன்னு என்னைக் காட்டாதீங்க சார்." அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார்.

எல்லா ஞாயிறும் வரைய முடிவதில்லை. துணி குவிந்து கிடக்கும், இல்லாவிட்டால் உடம்பு படுக்கையைத் தேடும். இப்போது மகளை வரைந்துகொண்டிருக்கிறாள். கண்ணும் மூக்கும் வந்துவிட்டன. காதை முடிக்காமலே மூன்று வாரம் ஓடிவிட்டது. மகளுக்கு உட்காரப் பொறுமை இல்லை, இவளுக்குக் கூப்பிடத் தெம்பு இல்லை.