கோடு இறங்கும்வரை

பாடசாலை வரவு இடாப்பொன்றின் வெற்றுத் தாளில் பென்சிலால் வரைந்த வளைகோடு. மெல்ல ஏறி, உச்சியில் சற்றுத் தயங்கி, பிறகு சரிந்து தரையைத் தொடும். கணக்கு ரீச்சர் அதை என்னிடம் நீட்டியபோது தடுப்பூசிப் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். குருநகரிலிருந்து போரால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் கொக்குவில் பாடசாலையொன்றில் தங்கியிருந்தன. நான் அந்தப் பகுதியின் மருத்துவிச்சி. ரீச்சரும் தன் ஆறு வயது மகனோடு அங்கேதான் ஒரு வகுப்பறை மூலையில் இருந்தார். பிள்ளைகளுக்குச் சின்னமுத்து என்னும் தட்டம்மை பரவத் தொடங்கியதும், அன்றன்று புதிதாக நோயில் விழுந்தவர்களின் தொகையை என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒரு பிள்ளையிடமிருந்து எத்தனை பேருக்குத் தொற்றும், எத்தனை பேருக்கு ஊசி போட்டால் தொற்று வருத்தத்துக்குப் போக்கிடம் இல்லாமற்போகும் என்று சமன்பாடுகளாக எழுதிப் பார்த்தார்.

"ஊசி போட்டாப் பிறகும் பன்னிரண்டு நாளைக்குக் கூடத்தான் செய்யும். முன்னமே தொத்தினது உள்ளுக்கை கிடக்கு. பிறகுதான் இறங்கும்" என்றார். நான் அரைகுறையாகத்தான் நம்பினேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டோம். ஐந்தாம் நாள் ரீச்சரின் மகனுக்கே காய்ச்சல் வந்து, முகமெல்லாம் சிவந்தது. ஊசியால்தான் வந்ததென்று பாடசாலையே கொதித்தது. ஒரு தாய் பொதியைக் கட்டிக்கொண்டு, பண்டத்தரிப்பில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பிள்ளைகளோடு புறப்பட்டாள். அவள் பின்னால் இன்னும் பலர். அவர்கள் போனால் வருத்தமும் ஊரூராகப் போகும்.

ரீச்சர் வாசலில் நின்றார். "என்ரை பிள்ளைக்கும் வந்திட்டுதுதான். ஊசியாலை இல்லை. இன்னும் ஏழு நாள் பொறுங்கோ. அதுக்குப் பிறகும் இறங்கேல்லையெண்டால் உங்கடை பொதியை நானே தூக்கிக்கொண்டு வாறன்."

"ஏழு நாள்தான் ரீச்சர்" என்று அந்தத் தாய் பொதியை இறக்கி வைத்தாள்.

ஒவ்வொரு மாலையும் அன்றைய தொகையை அந்தத் தாளில் புள்ளியாக வைத்தேன். புள்ளிகள் கோட்டை ஒட்டியே ஏறின. எவர் கண்ணுக்கும் தெரியாமல் பிள்ளைகளின் உடம்புக்குள் கிடந்த காய்ச்சலை இந்த மனுசி பென்சிலால் முன்கூட்டியே கண்டிருந்தார். இன்று கணினி அப்படியொரு கோட்டை நொடியில் வரைந்துவிடுகிறது. அதைப் பார்க்கும்போதும் எனக்கு மெய் சிலிர்க்கத்தான் செய்கிறது.

பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு தொகை விழுந்தது. சில நாட்களில், புதிதாக ஒரு பிள்ளையும் விழாத காலை வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். ரீச்சர் மகனுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். கரண்டியை வைத்துவிட்டு, முதன்முறையாக அழுதார்.

"நீங்கள் பயப்படவே இல்லையெண்டு நினைச்சன்" என்றேன்.

"கணக்குப் பிழைக்காதெண்டு தெரியும். எத்தினை பிள்ளை விழும் எண்டு அது சொல்லும், தங்கச்சி. எந்தப் பிள்ளை எழும்பும் எண்டு சொல்லாது."