இரண்டாவது டிஸ்க் ஓடாத ஸ்கேட்போர்டு படம்

வீடியோ கடையில் நிற்பவன் கடையிலுள்ள எல்லாப் படத்தையும் பார்த்திருக்க வேண்டும். பார்க்காவிட்டால் பார்த்த மாதிரி முகத்தையாவது வைத்துக்கொள்ள வேண்டும். சிடி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்குமா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே தொண்டை வற்றிப்போன தோழர்களே, இது உங்களுக்காக.

வேலை கிடைத்தது

பி.யு.சி. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருந்த லீவில், ஜோகுபாளையத்தில் மோகன் அண்ணன் கடையில் வேலை கேட்டுப் போனேன். அவருக்கு என்னை முன்பே தெரியும். எந்தக் குரலைக் கேட்டாலும் என் தொண்டை அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒருமுறை அண்ணி குரலில் கடைக்கு போன் போட்டு, உடனே கடையைச் சாத்திவிட்டுக் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னேன். மனுஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். அண்ணியோ அன்று ஓசூரில் தங்கை வீட்டில்.

இருந்தாலும் இங்கிலீஷ் படக் கவரைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஒரே நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். "இங்க உன் வாயில உன் குரல் மட்டும்தான் வரணும். வேற யார் குரல் வந்தாலும் அன்னிக்கே வீட்டுக்குப் போயிடணும், ஆய்தா, சரியா?"

தண்ணீர் இல்லாத குளம்

அந்த வாரம் வந்த ஒரு இங்கிலீஷ் படத்தை யாரும் தொடவில்லை. கவரில் ஒரு பையன் சக்கரம் வைத்த பலகையோடு அந்தரத்தில் நின்றான். இரண்டு டிஸ்க்கில் முதலாவதைக் கடை டிவியில் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில் ஸ்கேட்போர்டு புதிதாகக் கிளம்பிய காலத்துக் கதை. மழையில்லாத வருஷம், பணக்கார வீட்டு நீச்சல் குளங்களெல்லாம் வற்றிக் கிடக்கின்றன. பையன்கள் சுவரேறிக் குதித்து அதற்குள் இறங்கி, சட்டிக்குள் கோலிக்குண்டு உருளுகிற மாதிரி சுற்றுகிறார்கள்.

ஆட்டோ ஓட்டும் பாஷா பாயிடம் இதையெல்லாம் விளக்கினேன். அவர் தெருவில் குழாயில் தண்ணீர் வந்து வெகுநாளாகியிருந்தது. பீடியை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அந்தப் பசங்களை இங்க கூட்டியா. எங்க காம்பவுண்டுல எல்லார் வீட்டு சம்ப்புத் தொட்டியும் காலிதான், ஆசை தீர சுத்தட்டும்."

எண்ணெய்க் குளியல்

சிடி சிக்கினால் டூத்பேஸ்ட் தடவித் துடைப்பது நம் தொழிலின் கைவைத்தியம். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. இதையெல்லாம் ஸ்டெல்லா ஆண்டிக்கு யாரும் சொல்லவில்லை. மகன்களுக்காகப் படத்தை எடுத்துப்போனவர், இரண்டாவது டிஸ்க் லேசாகத் திணறியதும் தேங்காய் எண்ணெயை ஊற்றி, முந்தானையால் நன்றாகத் தேய்த்துவிட்டார்.

சோப்புப் போட்டுக் கழுவியும் பாதிக்கு மேல் ஓடவில்லை. பையன்கள் குளத்து விளிம்பில் நிற்கிறார்கள். கோபக்கார வீட்டுக்காரர் காரிலிருந்து இறங்கி கேட்டில் சாவியைப் போடுகிறார். அவ்வளவுதான், திரை கட்டம் கட்டமாக உறைந்துவிடும். ஆண்டியிடம் மெதுவாக விசாரித்தேன். அவருக்கு என் மேல்தான் வருத்தம். "தலைக்கு ஆகுது, இந்தத் தட்டுக்கு ஆகாதா? சுத்தமான செக்கெண்ணெய்ப்பா அது."

மத்தியானக் காட்சி

அடுத்து எடுத்துப்போனவர் பாஷா பாய். மறுநாள் காலையிலேயே வந்து நின்றார். வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து என்ன செய்தார் என்று தெரியாமல் அவருக்கு சவாரியே ஓடவில்லையாம். முடிவைச் சொல்லாவிட்டால் மோகனிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். அந்த முடிவு எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? இருந்தாலும் கற்பனையாக ஒன்றை, என் சொந்தக் குரலில், ஒழுக்கமாகச் சொன்னேன். ரேஷன் கடை போர்டைப் படிக்கிற மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார்.

அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரம். தொண்டையை அவிழ்த்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு யார் குரல் பொருந்தும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மோகன் அண்ணன் குரல், நடுவில் அவருடைய அந்தச் செருமல் உட்பட. பாஷா பாய்க்கு ஆட்டோ துரத்தல் வைத்த முடிவு. ஸ்டெல்லா ஆண்டிக்கு அம்மா அழுகிற முடிவு. அதன்பின் அந்தப் படம் ஷெல்ஃபில் உட்காரவே இல்லை; எல்லோரும் அண்ணன் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத்தான் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். ஆண்டியின் பெரிய மகன் சொன்னான்: "படத்துல பாதிதான் தெரியுது மச்சா, உன் வாய்ல பிரிண்ட் க்ளியரா இருக்கு."

பின்னால் நின்றவர்

ஒரு மத்தியானம் கடை வாசல் நிறைந்திருந்தது. நான் கவுண்டருக்கு முதுகைக் காட்டி நின்று, சாவியைத் திருகி, செருமி, "யாருடா அது, என் சுவரைத் தாண்டினது?" என்று ஆரம்பித்தேன். வழக்கமான சிரிப்பு எழவில்லை. பாஷா பாய் மேலே ஃபேனைப் பார்த்தார். ஸ்டெல்லா ஆண்டி சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பினால், பின்கதவு வழியாக வந்த மோகன் அண்ணன், கையில் திறக்காத டிபன் கேரியரோடு.

நானே சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டேன். அவர் திட்டவில்லை. கேரியரைக் கவுண்டரில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒருமுறை செருமினார். "கேட்டைத் திறந்து நான் என்ன பண்ணேன்? பசங்களை விட்டேனா, போலீஸ்ல குடுத்தேனா? அதைச் சொல்லி முடிச்சிட்டு வீட்டுக்குப் போ."

கதை முடிந்தால் வேலை போய்விடும் என்பதால், வீட்டுக்காரர் இன்னும் சாவியைத் திருகிக்கொண்டே இருக்கிறார், பையன்களும் இன்றுவரை குளத்து விளிம்பில்தான் நிற்கிறார்கள்.